மகளைப் பார்க்க மறுபடி விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: வேடசந்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 61. எனக்கு 56. மூன்று ஏக்கர் தோட்டம், முருங்கையும் சோளமும் போடுகிறோம். இரண்டு கறவை மாடு உண்டு. மாமியாருக்கு 84 வயது, எங்களோடுதான் இருக்கிறார். மகன் திண்டுக்கல்லில் குடும்பத்தோடு இருக்கிறான். மகள் அமெரிக்காவில் டல்லாஸில் இருக்கிறாள், மருமகனுக்கு எச்-1பி விசா. அவளைப் பார்க்கப் போன வருடம் விசாவுக்குப் போட்டோம். சென்னையில் இரண்டு நிமிடம்தான் பேசினார்கள். எங்கள் ஃபைலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்டதற்கு இவர், ‘மக போகச் சொல்ற வரைக்கும் இருப்போம்’ என்றார். உடனே ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். படிவத்தை ஓர் ஏஜென்ட் நிரப்பினார். அதில் என்ன எழுதியிருந்தது என்று எங்களுக்குத் தெரியாது.

இப்போது மகள் உண்டாகியிருக்கிறாள், மாசியில் பிரசவம். வேறொரு ஏஜென்ட், ‘இப்ப ரூல்ஸ் ரொம்ப டைட்டு, 15 லட்சத்தை ஒரு மாசம் உங்க அக்கவுன்ட்ல நான் போட்டு வைக்கிறேன், பிரசவம்னு சொல்லாதீங்க, ஊர் சுத்திப் பார்க்கன்னு எழுதுவோம்’ என்கிறார். அதற்கு 60 ஆயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா? எங்கள் நாத்தனார் மகன் கனடாவில் நிரந்தரக் குடியுரிமை வாங்கியிருக்கிறான், அவர்களும் போக விரும்புகிறார்கள். இன்னொன்று, என் தம்பி மகனை டூரிஸ்ட் விசாவில் கம்போடியாவுக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். அனுப்பலாமா?

– ஒரு வாசகி, வேடசந்தூர்

பதில்: அம்மா, தாராளமாக மறுபடி விண்ணப்பிக்கலாம். ஒரு முறை மறுத்துவிட்டால் இத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று அமெரிக்கப் பார்வையாளர் விசாவில் விதி இல்லை. மேல்முறையீடும் இல்லை. புதிய படிவம், புதிய கட்டணம், புதிய நேர்காணல் என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் அந்த ஏஜென்டிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவர் சொல்கிற இரண்டு யோசனையும் உங்களை வாழ்நாள் முழுக்க மகள் வீட்டு வாசலை மிதிக்க முடியாமல் செய்துவிடக் கூடியவை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் போன வருடம் அந்த ஜன்னலில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

உங்களுக்குக் கொடுத்த தாளில் 214(பி) என்று போட்டிருக்கும். அது அமெரிக்கா 1952-இல் இயற்றிய குடியேற்றச் சட்டத்தின் ஒரு பிரிவு. பார்வையாளர் விசா கேட்டு வருகிற ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிடும் எண்ணத்தோடுதான் வருகிறார் என்று அதிகாரி எடுத்துக்கொள்ள வேண்டும், அப்படி இல்லை என்று காட்டுகிற பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது என்று அந்தப் பிரிவு சொல்கிறது. உங்கள் மேல் அந்த அதிகாரிக்குத் தனிப்பட்ட சந்தேகம் எதுவும் இல்லை. கோடீஸ்வரர் வந்து நின்றாலும் சட்டம் அவரையும் அப்படித்தான் பார்க்கச் சொல்கிறது. அங்கே இரண்டு மூன்று நிமிடத்துக்குள் நீங்கள் புரியவைக்க வேண்டியது ஒன்றுதான்: போகிற காரணம் இது, இத்தனை நாளில் திரும்புவோம், திரும்பியே ஆக வேண்டிய வாழ்க்கை எங்களுக்கு இங்கே இருக்கிறது.

இப்போது உங்கள் வீட்டுக்காரர் சொன்ன பதிலை நினைத்துப் பாருங்கள். ‘மக போகச் சொல்ற வரைக்கும் இருப்போம்.’ நம் ஊர்ப் பெற்றோர் வாயில் அது எவ்வளவு மரியாதையான பேச்சு! மகளுக்குத் தொந்தரவாக இருக்க மாட்டோம், அவள் சௌகரியம் எப்படியோ அப்படி என்ற அர்த்தத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் 214(பி) பிரிவை மனத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் காதில் அது, ‘எங்களுக்குத் திரும்பும் தேதி கிடையாது’ என்றுதான் விழும். அதற்குப் பிறகு அவர் ஃபைலைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. பட்டா, சிட்டா, பாஸ்புக் என்று நீங்கள் சுமந்துபோன எதுவும் அந்த ஒரு வாக்கியத்தைத் திருத்தியிருக்காது.

இன்னொரு கோளாறும் நடந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். டிஎஸ்-160 என்கிற இணையப் படிவத்தில் எத்தனை நாள் தங்குவீர்கள் என்று ஒரு கட்டம் உண்டு. ஏஜென்ட் அதில் ஆறு மாதம் என்று போட்டிருக்கலாம், ஒரு மாதம் என்றும் போட்டிருக்கலாம். உங்கள் வீட்டுக்காரரின் தொழில் என்று எதை எழுதினார், மகளின் பெயரையும் விசா நிலையையும் சரியாக எழுதினாரா என்பதும் உங்களுக்குத் தெரியாது. அதிகாரி உங்களைக் கூப்பிடும்போது அந்தப் படிவம் அவர் திரையில் இருக்கும். அதில் இருப்பது ஒன்று, நீங்கள் வாயால் சொல்வது வேறொன்று என்றால் அவருக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. படிவத்தை வேறு யார் தட்டச்சு செய்தாலும் அதில் உள்ளவை உண்மை என்று உறுதிமொழி கொடுத்துச் சமர்ப்பிப்பது நீங்கள்தான். நான் அறியாமல் ஏஜென்ட் எழுதிவிட்டார் என்ற வாதம் அங்கே எடுபடுவது மிகக் கடினம்.

அதனால் இந்த முறை மகனை உட்கார வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். மகளை வீடியோ அழைப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் படிக்கச் சொல்லி, நீங்கள் இருவரும் பதில் சொல்ல, அவன் ஆங்கிலத்தில் நிரப்பட்டும். ஆளுக்கு ஒரு படிவம். படிவத்தில் முன்பு விசா மறுக்கப்பட்டதா என்று கேட்கும். ஆம் என்று எழுத வேண்டும். போன வருடப் படிவமும் அப்போதைய அதிகாரி எழுதிவைத்த குறிப்பும் இப்போதைய அதிகாரிக்குத் தெரியும். முந்தைய படிவத்தில் ஏதாவது தப்பாகப் போயிருந்தால் இந்த முறை சரியானதை எழுதுங்கள். கேட்டால், ‘போன தடவை வேற ஆள் நிரப்பினாரு, இதுதான் சரி’ என்று உள்ளதைச் சொல்லுங்கள். மகள் அங்கே இருக்கிறாள் என்பதையும், செலவு மருமகனுடையது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். கடந்த ஐந்து வருடங்களில் பயன்படுத்திய சமூக வலைதளக் கணக்குகளையும் கேட்கும். 2019 முதலே இது உண்டு. உங்கள் வீட்டுக்காரருக்கு ஃபேஸ்புக்கில் கணக்கு இருந்தால் அதை மறந்துவிடாதீர்கள்.

பெயர் விஷயத்தில் நம் மாவட்டத்து ஆட்கள் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பனார் பெயரின் முதலெழுத்துதான். பழைய பாஸ்போர்ட்டுகளில் குடும்பப் பெயர் கட்டம் வெறுமையாகவே இருக்கும். அப்படி இருந்தால் டிஎஸ்-160 படிவத்தில் உங்கள் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதி, இயற்பெயர் கட்டத்தில் எஃப்.என்.யூ. என்ற மூன்று எழுத்தைப் போட வேண்டும். முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. விசாவிலும் அப்படியே அச்சாகி வரும், பயப்பட வேண்டாம். பாஸ்போர்ட், படிவம், விமான டிக்கெட் மூன்றிலும் எழுத்து மாறாமல் இருந்தால் போதும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருவோரை அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தபோது எத்தனையோ பேருக்குத் தலைவலி ஆனது. வளைகுடா நாடுகள் வழியாகவே பயணச்சீட்டு எடுப்பவர்கள் அதிகம் என்பதால், பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டிய தருணம் வந்தால் மதுரை மண்டல அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கும்போதே முதலெழுத்தை விரித்துத் தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிடுவது நல்லது.

அடுத்து அந்த 15 லட்சம். ஓய்வூதியமும் பால் பணமும் முருங்கைக்காய் விற்ற காசும் வந்துபோகிற கணக்கில் திடீரென்று 15 லட்சம் விழுந்தால் அது உங்கள் பணம் இல்லை என்பது யாருக்கும் தெரியும். அதைவிட முக்கியம், உங்களுக்கு அந்தப் பணம் தேவையே இல்லை. செலவை மருமகன் ஏற்கிறார், அவர் சம்பளத்துக்கு ஆதாரம் இருக்கிறது. எச்-1பி ஒப்புதல் கடிதத்தின் நகலும் சமீபத்திய சம்பளச் சீட்டுகளும் கையில் இருக்கட்டும். அழைப்புக் கடிதமோ நிதிப் பொறுப்பு உறுதிமொழியோ பார்வையாளர் விசாவுக்குக் கட்டாயம் இல்லை என்று அமெரிக்க அரசே சொல்லியிருக்கிறது. அப்படியிருக்க, அந்த ஏஜென்ட் 60 ஆயிரத்துக்கு உங்களுக்கு என்ன விற்கப் பார்க்கிறார் என்று யோசியுங்கள். இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டினாலும், போகிற காரணத்தை மாற்றி எழுதினாலும், மகள் அங்கே இருப்பதை மறைத்தாலும் அமெரிக்கச் சட்டத்தில் அது பொய்த் தகவல் தந்து விசா பெற முயன்ற குற்றம். 214(பி) மறுப்பு அடுத்த முறை மாறக் கூடியது. பொய்த் தகவலுக்கான தடையோ நிரந்தரமானது. விலக்கு கேட்க வழி இருந்தாலும் அது எளிதில் கிடைப்பதில்லை. நாளைக்கு மகள் அங்கே குடியுரிமை வாங்கி உங்களைக் கூப்பிட்டாலும் அந்தக் கறை முன்னால் வந்து நிற்கும். மகளையும் பேரப்பிள்ளையையும் பார்க்க ஆசைப்பட்ட குற்றத்துக்கு நம் ஊர்ப் பெற்றோருக்கு இப்படி ஒரு தண்டனை வாங்கிக் கொடுக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரம் வருகிறது. இது மட்டுமில்லை, விசாவுக்கு மோதுகிற கூட்டத்தைப் பயன்படுத்தி நேர்காணல் ஸ்லாட்டுகளை மென்பொருள் வைத்து மொத்தமாகப் பிடித்து விற்கிற வேலையும் நடந்தது. இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம் 2025 மார்ச்சில் அப்படிப் பிடித்த சுமார் 2,000 முன்பதிவுகளை ரத்து செய்தது.

பிரசவம் என்று சொல்லலாமா? சொல்லுங்கள். நீங்கள் போவதே அதற்காகத்தானே! பிரசவ நேரத்தில் அம்மா மகளுக்குத் துணையாக இருப்பது குடும்பத்தைப் பார்க்கப் போவதுதான், பார்வையாளர் விசாவுக்கு உட்பட்டதுதான். குழந்தைக்குக் குடியுரிமை வாங்கித் தருவதற்காகவே பிரசவத்துக்கு வருகிறவர்களுக்கு விசா தரக் கூடாது என்று 2020 ஜனவரி 24 முதல் ஒரு விதி இருக்கிறது. அது விசா கேட்கிற கர்ப்பிணிப் பெண்ணைப் பற்றியது. ஏற்கெனவே கணவனோடு அங்கே வசிக்கிற உங்கள் மகளுக்கும், அவளைப் பார்க்கப் போகிற உங்களுக்கும் அதனோடு சம்பந்தம் இல்லை.

ஆனால் ஒரு எல்லை இருக்கிறது, அதை மனம் விட்டுப் பேசிவிட வேண்டும். நம் குடும்பங்களில் பெண்ணைப் பெற்றவர்கள் ஆறு மாதம், பிறகு மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் ஆறு மாதம், மறுபடி இவர்கள் என்று முறை வைத்துக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற வழக்கம் வந்துவிட்டது. மகள் வேலைக்குப் போக, குழந்தைக்கு ஆள் வைக்கிற செலவு மிச்சம் என்பது கணக்கு. பார்வையாளர் விசா அதற்காக ஏற்பட்டது இல்லை. உங்கள் எண்ணம் அதுவாக இருந்தால் ஜன்னலில் என்ன பதில் சொல்வது என்று யோசிக்காதீர்கள், எண்ணத்தையே மாற்றுங்கள். மகளோடு உட்கார்ந்து பேசி, எந்தத் தேதியில் போவது, எந்தத் தேதியில் திரும்புவது என்று உண்மையிலேயே முடிவு செய்யுங்கள். அந்த முடிவுதான் படிவத்திலும் வர வேண்டும், வாயிலும் வர வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்தால், திரும்பி வருவதற்கு இத்தனை காரணம் உள்ளவர்களுக்கா மறுத்தார்கள் என்று தோன்றுகிறது. 84 வயதில் மாமியார் வீட்டில் இருக்கிறார். மகன் திண்டுக்கல்லிலிருந்து வந்து எத்தனை மாதம் பார்த்துக்கொள்வான்? மாடு யார் கையில்? தோட்டத்தில் அடுத்த சோள விதைப்பு எப்போது? இவற்றுக்கெல்லாம் உங்களிடம் பதில் இருக்கும், அந்தப் பதில்தான் உங்கள் ஆதாரம். போன முறை நீங்கள் அதை ஃபைலுக்குள் வைத்துக்கொண்டு நின்றீர்கள், இந்த முறை வாயில் வைத்துக்கொள்ளுங்கள். ‘எதுக்குப் போறீங்க?’ என்றால், ‘மகளுக்குப் பிப்ரவரியில பிரசவம், கூட இருந்து பேரப்பிள்ளையப் பார்த்துட்டு வரணும்.’ ‘எத்தனை நாள்?’ என்றால், ‘மூணு மாசம். ஜனவரி கடைசியில போயி ஏப்ரல்ல திரும்பிருவோம். வீட்டுல மாமியாருக்கு 84 வயசு, அதுவரைக்கும் மகன் வந்து பார்த்துக்குவான், அதுக்கு மேல அவனால முடியாது.’ இதை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. உங்கள் உண்மை நாலு மாதம் என்றால் நாலு மாதம் என்று சொல்லுங்கள். கேட்டதற்கு ஒரு வாக்கியம், அதற்குக் காரணம் ஒரு வாக்கியம் போதும். ஒன்று கவனியுங்கள், தை, மாசி என்று சொல்லாமல் படிவத்தில் உள்ளபடி ஆங்கில மாதத்தைச் சொல்லுங்கள். தமிழிலேயே பேசலாம். சென்னைத் துணைத் தூதரகத்தில் தமிழில் நேர்காணல் நடத்துகிறார்கள். தமிழில்தான் பேசுவேன் என்று கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தெரியாத ஆங்கிலத்தில் தலையாட்டிவிட்டுக் கேள்வி புரியாமல் பதில் சொல்வதால் வருகிற மறுப்புகளும் உண்டு.

விதிகள் இறுகியிருப்பது உண்மைதான். அதில் உங்களைத் தொடுகிறவற்றை மட்டும் சொல்கிறேன். முன்பு 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 79 வயதைத் தாண்டியவர்களுக்கும் பெரும்பாலும் நேர்காணல் இல்லாமலே, டிராப்பாக்ஸ் என்று சொல்வார்களே, அந்த வழியில் விசா கிடைத்தது. 2025 செப்டம்பர் 2 முதல் அந்தச் சலுகை போய்விட்டது. பழைய சுற்றுலா விசா முடிந்து 12 மாதத்துக்குள் புதுப்பிப்பவர்கள் போன்ற சிலருக்குத்தான் இப்போது விலக்கு. நேர்காணலுக்கு வர வேண்டியவர்கள் கூடிவிட்டதால் ஸ்லாட் நெருக்கடியும் கூடிவிட்டது. சென்னையில் தேதி கிடைக்காவிட்டால் பாங்காக்கிலோ துபாயிலோ போய்ப் பார்த்துவிடலாம் என்று சில ஏஜென்டுகள் சொல்லுவார்கள். தன் குடியுரிமை நாட்டிலோ வசிக்கிற நாட்டிலோதான் நேர்காணலுக்குப் பதிய வேண்டும் என்று 2025 செப்டம்பர் 6-இல் அறிவித்துவிட்டார்கள். அந்த வழிக்குச் செலவழிக்காதீர்கள்.

அவசர நேர்காணல் என்று ஒன்று இருக்கிறது. மருத்துவ நெருக்கடி, இறப்பு போன்றவற்றுக்கு. கர்ப்பிணி உறவினருக்கு உதவப் போவது அந்தக் கணக்கில் வராது என்று தூதரகமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே மாசிக்கு நாள் இருக்கிறதே என்று காத்திருக்காமல் இன்றைக்கே படிவத்தை நிரப்பிக் கட்டணம் கட்டி, கிடைக்கிற தேதியைப் பிடியுங்கள். 2025 ஜனவரி 1 முதல் தேதியைக் கூடுதல் கட்டணமில்லாமல் ஒரு முறைதான் மாற்றலாம். அதற்கு மேல் மாற்றினாலோ, தவறவிட்டாலோ மறுபடி கட்டணம். 2023 ஜூனில் 185 டாலராக உயர்த்திய கட்டணம் ஆளுக்கு நம் பணத்தில் 15 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. மறுத்தாலும் திரும்பி வராது. 2025 ஜூலையில் கையெழுத்தான அமெரிக்கச் சட்டத்தில் விசாவுக்கு இன்னும் 250 டாலர் தனிக் கட்டணம் சேர்த்திருக்கிறார்கள். பணம் கட்டும் நாளில் தூதரக இணையதளத்தின் கட்டணப் பக்கத்தை மகன் ஒரு முறை பார்த்துவிடட்டும். நேர்காணலுக்குப் பதிந்தபோது கொடுத்த படிவத்தின் பார்கோடு எண்ணும் கையில் கொண்டுபோகிற படிவத்தின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இடையில் படிவத்தைத் திருத்திப் புதிதாகச் சமர்ப்பித்தால் எண் மாறிவிடும், முன்பதிவிலும் மாற்ற வேண்டும். இது தெரியாமல் வாசலிலிருந்து திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

சென்னையில் கைரேகைக்கும் புகைப்படத்துக்கும் ஒரு நாள், அண்ணா மேம்பாலத்துக்குப் பக்கத்திலுள்ள துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு இன்னொரு நாள். திண்டுக்கல்லில் இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலையில் எழும்பூர். கைரேகை அன்றைக்கு அந்த வண்டியில் வந்து இறங்கிப் போகலாம். நேர்காணலுக்கு மட்டும் முந்தின இரவு சென்னையிலேயே தூங்கி எழுந்து போங்கள். களைப்போடு நிற்கக் கூடாது. மொபைலும் பையும் உள்ளே விடமாட்டார்கள், மகன் வெளியே வைத்துக்கொண்டு நிற்கட்டும். மகளின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விசா கிடைத்தால் பெரும்பாலும் பத்து வருடத்துக்குக் குத்தித் தருவார்கள். இங்கேதான் அடுத்த தவறு நடக்கும். பத்து வருடம் என்பது போய்வர அனுமதி, அங்கே தங்குகிற அனுமதி இல்லை. ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் இருக்கலாம் என்பதை அமெரிக்க விமான நிலைய அதிகாரி முடிவு செய்கிறார். வழக்கமாக ஆறு மாதம். ஐ-94 என்ற பதிவில் அந்தத் தேதி இருக்கும். இறங்கியதும் மருமகன் அதை இணையத்தில் பார்த்து எடுத்து வைக்கட்டும். அந்தத் தேதியை ஒரு நாள் தாண்டினாலும் விசா செல்லாமல் போகும். 180 நாளுக்கு மேல் தாண்டி இருந்துவிட்டுத் திரும்பினால் மூன்று வருடமும், ஒரு வருடமோ அதற்கு மேலோ இருந்தால் பத்து வருடமும் மறுபடி நுழையத் தடை. உடம்பு சரியில்லை, குழந்தைக்குக் காய்ச்சல் என்று தள்ளிப்போடுகிற நிலை வந்தால், தேதி முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க ஐ-539 என்ற படிவம் இருக்கிறது.

இன்ஷூரன்ஸ் எடுங்கள். அமெரிக்கப் பார்வையாளர் விசாவுக்கு அது கட்டாயம் இல்லைதான். ஆனால் அங்கே மருத்துவமனையில் ஒரு ராத்திரி படுத்தால் மருமகனின் சேமிப்பே கரைந்துவிடும். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால், ஏற்கெனவே இருக்கிற நோய்க்குப் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள். மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கொண்டுபோங்கள். பெட்டியில் கறிவேப்பிலை வைக்காதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்குகிற பூச்சி அதில் வரும் என்பதால் பச்சைக் கறிவேப்பிலைக்கு அங்கே தடை. பிரசவ லேகியம், சுக்கு, பூண்டு, வடகம் எதுவாக இருந்தாலும் சாப்பாட்டுப் பொருள் இருக்கிறது என்று விமான நிலையத்தில் சொல்லிவிடுங்கள். சொன்னால் பார்த்துவிட்டு விடுவார்கள், இல்லையென்றால் எடுத்துப் போடுவார்கள். மறைத்து அகப்பட்டால்தான் அபராதம்.

உங்கள் நாத்தனாருக்கு: மகன் கனடாவில் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர் என்பதால் அவர்கள் சாதாரண வருகை விசாவுக்குப் பதில் சூப்பர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். 2011 டிசம்பரில் தொடங்கிய திட்டம் அது. 2022 ஜூலையிலிருந்து ஒரே தடவையில் ஐந்து வருடம் வரை தங்கலாம். மகனின் வருமானம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்க வேண்டும், அவர் அழைப்புக் கடிதம் தர வேண்டும், மருத்துவப் பரிசோதனையும் குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலருக்கான ஒரு வருட மருத்துவக் காப்பீடும் வேண்டும். சாதாரண வருகை விசாவைப் பத்து வருடத்துக்கு வழக்கமாகத் தந்துகொண்டிருந்ததை 2024 நவம்பரில் நிறுத்தி, எத்தனை காலம் என்பதை அதிகாரியின் முடிவுக்கு விட்டுவிட்டார்கள். அங்கே நேர்காணல் பெரும்பாலும் கிடையாது, காகிதம்தான் பேசும். அதனால் அமெரிக்காவுக்குச் சொன்னதற்கு மாறாக, கனடாவுக்கு ஒவ்வொரு தாளும் முக்கியம்.

கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு முதலில் கண்ணில் பட்டது உங்கள் தம்பி மகனைப் பற்றிய வரிதான். அனுப்பாதீர்கள். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று கூப்பிடுகிற கம்ப்யூட்டர் வேலை எத்தனையோ தமிழ்நாட்டுப் பிள்ளைகளைக் கம்போடியாவிலும் மியான்மரிலும் இணைய மோசடிக் கூடாரங்களுக்குள் தள்ளியிருக்கிறது. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, தொலைபேசியில் ஆட்களை ஏமாற்றச் சொல்லி, மறுத்தால் அடிக்கிற இடங்கள் அவை. தாய்லாந்தில் வேலை என்று போய் மியான்மரின் மியாவடியில் சிக்கியவர்களில் 13 தமிழர்கள் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னைக்கு வந்தார்கள். அதற்குப் பிறகும் பிள்ளைகள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். தாய்லாந்து 2023 நவம்பரில் இந்தியர்களை விசா இல்லாமல் அனுமதிக்கத் தொடங்கியதால் அந்தப் பக்கம் கூட்டிப் போவது ஏஜென்டுகளுக்கு இன்னும் சுலபமாகிவிட்டது.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய வெளியுறவுத் துறையிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறது. அவர்கள் வாங்கக் கூடிய கட்டணமே 30 ஆயிரம் ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். ஒன்றரை லட்சம் கேட்கிறார் என்பதே போதும். அந்த ஆளின் பெயரையும் எண்ணையும் வாங்கிப் பட்டியலில் தேடச் சொல்லுங்கள். இல்லையென்றால் பணம் கைமாறுவதற்கு முன்பே சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கோ, தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கோ, திண்டுக்கல் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கோ புகார் எழுதிக் கொடுங்கள். தம்பி வீட்டார் இந்தப் பதில் அச்சாகிக் கைக்கு வருகிற வரை காத்திருக்க வேண்டாம் என்று இந்தப் பகுதியை மட்டும் தனியாகத் தபாலில் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். அந்தப் பையனிடமே படிக்கக் கொடுங்கள்.